கழற்றிய நட்டுக்கு யார் பொறுப்பு?

திருத்தக் கொடுத்த மோட்டார் சைக்கிள், திருத்திய இடத்தாலேயே பழுதாகி ஒருவரை வீதியில் விழுத்தினால் அதற்குப் பொறுப்பு யார்? கராச் முதலாளியா, சில்லைப் பூட்டிய பெடியனா, சாமான் விற்ற கடைக்காரரா, "கெதியாத் தாங்கோ" என்று தலைமேல் நின்ற நாமா? சட்டத்தில் இதற்கு விடை உண்டு. ஆனால், அந்த விடையைக் கேட்டுப் பெறுவதற்கு வேண்டிய ஒரு பொருள் நம் ஊர்ச் சிறு திருத்தகங்கள் பலவற்றில் இல்லை. எதைக் கழற்றினோம், எதை மாற்றினோம், யார் பூட்டினார் என்று எழுதிய ஒரு துண்டுதான் அது.

கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் புது மோட்டார் சைக்கிள் வாங்க இருந்தவர்கள் பழையதையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். திறந்த பிறகும் வரியும் ரூபாவின் பெறுமதியும் சேர்ந்து, விலையைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கின்றன. பத்து, பதினைந்து வருடம் ஓடிய டிஸ்கவர், ஸ்பிளெண்டர், ஸ்கூட்டி பெப் எல்லாம் இன்றைக்கும் நம் வீதிகளில்தான் நிற்கின்றன.

2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பிரேக் பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்தது. பஸ்களையும் லொறிகளையும் மறித்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள், அது நியாயம். ஆனால் இந்த நாட்டில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். அவர்களில் வேறெந்த வகையினரையும்விட அதிகமானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மோட்டார் சைக்கிளின் பிரேக்கை யார் பூட்டினார், எப்படிப் பூட்டினார் என்று எவரும் கேட்பதில்லை.

காலைச் சந்தையும் பின்சில்லும்

மருதனார்மடம் சந்தியில் விடியற்புறம் நின்று பார்த்தால் இந்த விஷயத்தின் பாரம் தெரியும். காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் ஒரு பக்கம். உடுவில் பக்கமிருந்தும் உரும்பிராய் பக்கமிருந்தும் சந்தைக்கு வரும் தோட்டக்காரர் மறுபக்கம். குப்பிளானிலும் ஏழாலையிலும் புன்னாலைக்கட்டுவனிலும் செம்மண்ணில் விளைந்த கத்தரி, கோவா, வெங்காயம், வாழைக்குலை எல்லாம் மோட்டார் சைக்கிளின் பின்னால்தான் வருகின்றன. சாக்கு இரண்டு குறுக்காகவும் அதன்மேல் ஒன்று நெடுக்காகவும் கட்டியிருக்கும். ஓடுகிறவரின் முதுகு அந்தச் சாக்கில் சாய்ந்திருக்கும்.

அந்தப் பாரம் முழுவதும் இறங்குவது பின்சில்லில். பின்சில்லைப் பிடித்திருப்பது ஒரு அச்சும் அதன் நுனியில் ஒரு நட்டும்.

கொஞ்சம் வெயிலேற, அதே வீதியால் இராமநாதன் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். சைக்கிளில் வருபவர்கள் பாதி; தாயின் ஸ்கூட்டியில், தகப்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வருபவர்கள் பாதி. நுண்கலை படிக்கும் பல்கலைக்கழக மாணவர்களும் அந்த வழிதான். சாக்கோடு வரும் மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிக்காவிட்டால், விழப்போவது ஓடுபவர் மட்டுமில்லை. திருத்தகத்தில் நடக்கும் பிழையை இருவருக்கிடையிலான கொடுக்கல் வாங்கலாக மட்டும் பார்க்க முடியாதென்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் கராச்சுக்கு ஒருநாளும் போகாத பிள்ளை ஒன்று அந்தப் பிழையின் முன்னால் வந்து நிற்கக்கூடும்.

ஒரு பஞ்சர் ஒட்டக் கழற்றுவது என்னென்ன

பஞ்சர் ஒட்டுவது சின்ன வேலை என்று நினைக்கிறோம். பின்சில்லைக் கழற்றும் வேலையைக் கிட்ட நின்று ஒருமுறை பாருங்கள்.

முதலில் பிரேக் மிதியிலிருந்து பின்னால் ஓடும் நீளக் கம்பியின் நுனி நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு, பின்சில்லின் பிரேக் தட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கட்டைக் கம்பி. அதற்கு ஒரு போல்ட், ஒரு நட்டு, நட்டுக் கழலாமல் காக்க ஒரு சின்னப் பின். பிறகு அச்சின் பெரிய நட்டு. இரண்டு பக்கமும் செயினை இழுத்துப் பிடிக்கும் திருகுகள். அச்சை உருவி, செயினைப் பல்லிலிருந்து இறக்கினால்தான் சில்லு வெளியில் வரும். ரியூபை ஒட்டிய பிறகு இவ்வளவையும் அந்த ஒழுங்கிலேயே பூட்ட வேண்டும். பூட்டும்போது சில்லு நேராக நிற்கிறதா, செயின் தொய்வு சரியா, பிரேக் மிதி எவ்வளவு கீழே போகிறது என்று பார்க்க வேண்டும்.

இவற்றில் அந்தக் கட்டைக் கம்பியைப் பலரும் கவனிப்பதில்லை. நாம் பிரேக்கை மிதிக்கும்போது சில்லோடு சேர்ந்து பிரேக் தட்டும் சுழலப் பார்க்கும். சுழலாமல் இழுத்துப் பிடிப்பது அந்தக் கம்பிதான். அது கழன்றால், பிரேக் தட்டு சில்லோடு சுற்றும். பிரேக் கம்பியை இழுத்து முறிக்கும். சில்லு பட்டென்று இறுகி நிற்கும். ஈரத் தார்வீதியில், பின்னால் பாரத்தோடு அப்படி இறுகினால் வண்டி யார் சொல்லும் கேட்காது.

சென்ற மாரியில் எனக்கே இது நடந்தது. ஒரு கடையில் பின்சில்லுக்குப் பஞ்சர் ஒட்டுவித்தேன். சில நாள் கழித்து ஒரு ஒழுங்கையால் திரும்பப் பிரேக்கை மிதிக்க, பின்னால் ஒரு இரும்புச் சத்தம். சில்லு அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக வந்ததால் காலை ஊன்றித் தப்பினேன். இறங்கிப் பார்த்தால் அந்தக் கட்டைக் கம்பியின் ஒரு நுனி நிலத்தில் இழுபட்டுக் கிடந்தது. நட்டும் இல்லை, பின்னும் இல்லை.

வண்டியை உருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"நாங்கள் சில்லுத்தான் கழட்டினது அண்ணை. பிரேக்கில கை வைக்கேல்லை" என்றான் பெடியன்.

"அந்தக் கம்பியைக் கழட்டாமச் சில்லு வெளியில வராதே தம்பி."

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். "உங்கட நட்டுப் பழசு. ஓட்டத்தில தானாக் கழண்டிருக்கும்" என்றார். கோபப்படவில்லை. புது நட்டும் பின்னும் போட்டுத் தந்து, காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய நட்டுக் கழலவும் கூடும். இடையில் வேறு யாராவது கை வைத்திருக்கவும் கூடும். என் கையில் காட்ட ஒன்றுமில்லை. அவர் கையிலும் ஒன்றுமில்லை. கவனமாகப் பூட்டிய கடைக்காரரும் கவனமில்லாமல் பூட்டியவரும் அந்த இடத்தில் ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். நல்ல தொழிலாளிக்கு இது பெரிய அநியாயம் என்பதை நாம் யோசிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கைவேலைகள்

கவனக்குறைவு ஒன்று, தெரிந்தே செய்வது இன்னொன்று. இரண்டாவது வகையில் இரண்டைச் சொல்கிறேன்.

டிரம் பிரேக்கில், சில்லின் பக்கத்தில் ஒரு சிறிய கை இருக்கும். பிரேக்கை மிதித்தால் அந்தக் கை திரும்பி, உள்ளே இருக்கும் பிரேக் சூவை விரிக்கும். சூ தேயத் தேய அந்தக் கை கூடுதலாகத் திரும்பும். எவ்வளவு திரும்பினால் சூவை மாற்ற வேண்டும் என்பதற்குப் பல வண்டிகளில் அம்புக்குறி ஒன்றும் எல்லைக்கோடு ஒன்றும் வார்ப்பிலேயே இருக்கின்றன. சூ மாற்றக் காசில்லை என்று நாம் சொல்ல, அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். பிரேக் உடனே 'பிடிக்கும்'. நாமும் மகிழ்ந்து போவோம். உள்ளே சூ தேய்ந்தது தேய்ந்ததுதான். அதற்கு மேலும் தேய்ந்தால், விரிக்கும் துண்டு உள்ளே முழுதாகத் திரும்பி, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடலாம்.

மற்றது கம்பித் துண்டு. நட்டுக் கழலாமல் குறுக்கே போடும் பின் ஒருமுறை போட்டுக் கழற்றினால் எறிந்துவிட வேண்டிய சாமான்; விலை சொற்பம். அதற்குப் பதிலாகக் கட்டுக் கம்பியை முறுக்கி விடுவது வழக்கமாகிவிட்டது. சில இடத்தில் அதுவும் இல்லை. துளை வெறுமனே நிற்கும். உங்கள் வண்டியைப் போய்ப் பாருங்கள்.

இறுக்கம் கூடினாலும் ஆபத்துத்தான். சாவியின் பிடியில் நீளக் குழாயைச் செருகி முழுப் பலத்தோடும் இறுக்கினால் புரி அழிந்துவிடும். அலுமினிய வார்ப்பில் விழுந்த புரி என்றால் சொல்லவே வேண்டாம். புரி அழிந்த நட்டு இறுகியது போலத்தான் காட்டும். சில நூறு கிலோமீற்றரில் தளர்ந்து வரும். ஒவ்வொரு நட்டுக்கும் இவ்வளவுதான் இறுக்கம் என்று தயாரித்த கம்பனி கணக்குக் கொடுத்திருக்கிறது. அந்த இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி கடையில் வாங்கலாம். அதை வைத்திருக்கும் சிறு திருத்தகத்தை நான் காணவில்லை.

கராச்சுக்காரரின் பக்கம்

குறையை மட்டும் சொல்லிப் போனால் அது நன்றிகெட்ட பேச்சாகும். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குள் குடாநாடு கிடந்தபோது பெற்றோல் மருந்துக்கும் கிடைக்கவில்லை. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடும் வித்தையைக் கண்டுபிடித்து நம்மை நடமாட வைத்தவர்கள் இவர்கள்தான். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றும் திறமை அப்போது உயிர்காத்தது. 2022 இல் எரிபொருள் வரிசையில் நாடே நின்றபோது, பரணில் கிடந்த சைக்கிள்களை இறக்கி ஓட வைத்தவர்களும் இவர்களே.

ஆனால் அந்தப் பழக்கம் தேவை போன பிறகும் நிலைத்துவிட்டது. பின் வாங்கக் கடை பக்கத்திலேயே இருக்கிறபோது கம்பியை முறுக்குவதற்கு இப்போது காரணம் கிடையாது.

பெடியன்களின் நிலையையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் இடையில் நின்று, பதினாறு பதினேழு வயதில் கராச்சுக்கு வருபவர்கள் பலர். வருடக்கணக்கில் துடைப்பதும் கழுவுவதும் சாவி எடுத்துக் கொடுப்பதும்தான் பயிற்சி. ஏன் இந்த நட்டுக்குப் பின் போடுகிறோம் என்று எவரும் இருந்து சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு பஞ்சருக்குக் கிடைக்கும் காசில் முதலாளிக்கு, கடை வாடகைக்கு, மின்சாரத்துக்குப் போக அவனுக்கு மிஞ்சுவது என்ன என்று யோசித்தால், அவன் அவசரப்படுவது ஏன் என்று விளங்கும்.

அவசரத்தைக் கொடுப்பவர்கள் நாம்தான். "அஞ்சு நிமிசத்தில வாறன், முடிச்சு வையுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குள் போகிறோம். வெளியில் மலிவாக வாங்கிய டூப்ளிக்கேட் சூவைக் கொண்டுவந்து "இதைப் போடுங்கோ" என்கிறோம். அம்பது ரூபாவுக்குப் பேரம் பேசுகிறோம். புது வண்டிக்கு ஆஞ்சநேயர் கோயிலில் பூசை செய்து எலுமிச்சம்பழம் நசிக்க மறக்காத நாம், அதன் பிரேக் சூவை எப்போது மாற்றினோம் என்று கேட்டால் முழிக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, சேவை வழங்கும் வணிகர் எல்லோர்மேலும் ஒரு உத்தரவாதத்தைச் சுமத்துகிறது. வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். அந்த வேலைக்குப் போட்ட சாமான் அந்த நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். இதைக் கடைக்காரர் வாயால் சொல்லவோ எழுதித் தரவோ தேவையில்லை. வேலையை ஏற்றுக்கொண்டாலே உத்தரவாதமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

அது மீறப்பட்டால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். வேலை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். காயம், சேதம் என்று நட்டஈட்டு வழக்குக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இந்தக் கால எல்லைகள் தெரியாமல் உரிமையை இழப்பவர்கள் அதிகம்.

வண்டியைத் திருத்தக் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வீதியில் நின்ற மூன்றாம் ஆளுக்கும் திருத்தியவர் பொறுப்பாவாரா? 1939 இல் இங்கிலாந்தில் ஸ்டெனெட் எதிர் ஹான்கொக் என்ற வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. ஒரு லொறியின் சில்லிலிருந்து விளிம்புப் பகுதி கழன்றது. உரிமையாளர் திருத்தகத்தில் கொடுத்துப் பூட்டுவித்தார். பூட்டி ஓடிய சற்று நேரத்தில் அது மறுபடி கழன்று, நடைபாதையில் போன பெண்ணின் மேல் மோதியது. நல்ல திருத்தகம் என்று நம்பிக் கொடுத்த உரிமையாளர் பொறுப்பில்லை, பிழையாகப் பூட்டிய திருத்தகத்தார்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்த்தது.

ஆங்கிலத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. நம் நாட்டில் இத்தகைய வழக்குகள் ரோமன் டச்சுச் சட்ட வழி நடப்பவை. கவனக்குறைவால் இன்னொருவருக்குத் தீங்கு செய்தவர் ஈடு செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்துக்கும் அடிப்படைதான். தீங்கு வரும் என்று ஒரு நிதானமான தொழிலாளி முன்கூட்டியே கண்டிருக்க வேண்டுமா, கண்டு தவிர்த்திருக்க முடியுமா என்பதே அங்கு கேள்வி. சில்லின் நட்டை இறுக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பது தெரியாத மெக்கானிக் இல்லை.

இவ்வளவு இருந்தும் நம் பகுதியில் எவர் வழக்குக்குப் போகிறார்? வேலை செய்ததற்கே அத்தாட்சி இல்லாதபோது கவனக்குறைவை எங்கே போய் நிரூபிப்பது? வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வணிகர் கடமைப்பட்டவர். நாம் கேட்பதில்லை, கேட்டால் "என்னில நம்பிக்கை இல்லையோ" என்று முகம் சுண்டும் என்று பயம்.

சுவிஸில் ஒரு சப்பாத்துக்கு நடக்கும் சோதனை

சுவிஸில் ஒரு உறவாவது இல்லாத வீடு வலிகாமத்தில் குறைவு. அங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்கப் போகிறார்கள். காலில் நீளக் கட்டை இரண்டு. கட்டையில் கனமான சப்பாத்தைப் பிடித்து வைக்க ஒரு பொறி. அந்தப் பொறிக்கு இரண்டு வேலை. சறுக்கும்போது சப்பாத்தை விடக்கூடாது. விழும்போது உடனே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கட்டை திரும்பும் பக்கம் காலும் திரும்பி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தேவையில்லாமல் விட்டுவிட்டால் பாதி மலையில் பிள்ளை தலைகுப்புற விழும்.

அதனால் அந்தப் பொறியைப் பூட்டுவது அங்கே கண்மதிப்பு வேலையாக இல்லை. எங்கே துளையிட வேண்டும் என்பதற்கு அச்சு உண்டு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு, ஆளின் நிறை, உயரம், வயது, சறுக்கும் திறமை, சப்பாத்து அடியின் நீளம் எல்லாம் பார்த்துக் கணக்கிடும் சர்வதேச அட்டவணை உண்டு. கடையில் அந்த விபரங்களை எழுதி, எந்த அளவில் இறுக்கினோம் என்றும் பதிந்து, கருவியில் வைத்துச் சோதிக்கிறார்கள். பல நாடுகளில் வாடிக்கையாளரும் அந்தத் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். தன் நிறையைக் குறைத்துச் சொன்னால் அந்தப் பிழை அவருடையது; அட்டவணையை விட்டு இறுக்கினால் கடையுடையது. சோதித்ததற்கு அடையாளமாகக் கட்டையிலேயே ஒட்டுத்தாள் ஒட்டும் ஏற்பாட்டைச் சுவிஸ் விபத்துத் தடுப்பு நிலையம் நடத்தியிருக்கிறது.

விளையாட்டுச் சாமானுக்கே இவ்வளவு. தோட்டக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு அதில் பத்தில் ஒரு பங்காவது வேண்டாமா?

அனுபவசாலியின் கண்மதிப்பும் பிழைக்கும் என்பதற்கு ஒரு விமானச் சம்பவம் போதும். 1990 ஜூன் 10 இல் பேர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்ந்து போனது. விமானியின் உடல் பாதி வெளியே இழுபட, உள்ளே இருந்தவர்கள் அவருடைய காலைப் பிடித்து வைத்திருந்தார்கள். துணை விமானி சவுத்ஹாம்ரனில் இறக்கினார், எல்லோரும் பிழைத்தார்கள். முதல்நாள் விடியற்காலையில்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 சற்றே மெல்லியவை. மாற்றியவர் அனுபவம் உள்ளவர். பழைய போல்ட்டைப் புதியதோடு வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார். வேலை முடிந்த பின் இன்னொருவர் பார்க்கவில்லை.

நாளைக்கே செய்யக்கூடியவை

முதலில் துண்டு. கார்பன் தாள் வைத்த சாதாரணப் பில் புத்தகம் போதும். திகதி, வண்டி இலக்கம், ஓடிய கிலோமீற்றர், கழற்றிய பாகங்கள், போட்ட புதுச் சாமான், பூட்டியவரின் பெயர், பார்த்தவரின் பெயர். பூட்டியவரும் பார்த்தவரும் வேறு ஆட்களாக இருக்க வேண்டும்; பெடியன் பூட்டினால் முதலாளி ஒருமுறை சாவி வைத்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். எல்லா வேலைக்கும் வேண்டாம். சில்லு, பிரேக், ஹாண்டில், செயின் இந்த நான்கில் கை வைத்தால் கட்டாயம் எழுத வேண்டும். வாடிக்கையாளர் தானே சாமான் கொண்டுவந்தால் அதையும் எழுத வேண்டும். மலிவுச் சாமானால் வரும் பழியிலிருந்து கடைக்காரரைக் காப்பதும் அந்த வரிதான்.

அடுத்தது வர்ணக் கோடு. நட்டை இறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து பக்கத்து இரும்புக்குக் குறுக்காக ஒரு கோடு போட வேண்டும். பெரிய வாகனங்களிலும் விமானங்களிலும் செய்வதுதான் இது. நகப்பூச்சுப் போத்தல் ஒன்று பல மாதத்துக்குப் போதும். கோடு முறிந்து விலகியிருந்தால் நட்டுத் தளர்கிறது என்று எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். காலையில் சாக்குக் கட்டும்போது குனிந்து ஒருமுறை பார்த்தால் சரி. கோடு போடுவதற்காகக் கை அந்த நட்டுக்குப் போகும்போது, இறுக்காமல் விட்ட நட்டும் அகப்பட்டுவிடும்.

மாற்றிய பழைய சாமானை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். நாமும் கேட்டு வாங்க வேண்டும். சில்லு கழற்றிய வண்டியை ஒரு கிழமை ஓடிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் இறுக்கிப் பார்ப்பிக்க வேண்டும். அதற்குக் கடைக்காரர் காசு வாங்கக் கூடாது, நாமும் அதைச் சாட்டாக வைத்து வேறு வேலை கேட்கக் கூடாது.

கடையை விட்டு வெளிக்கிட முன் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். பிரேக்கை மிதித்து விடுங்கள். விட்டதும் சில்லு தாராளமாகச் சுற்ற வேண்டும். கட்டைக் கம்பியின் நட்டையும் பின்னையும் கண்ணால் பாருங்கள். பிறகு கடை வாசலிலேயே மெதுவாக ஓடி இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். பிழை நடந்துவிட்டால் உடனே படமெடுங்கள். வேறு கராச்சில் கழற்ற முன் முதல் கடைக்காரரை அழைத்துக் காட்டுங்கள். சொந்தச் சமாதானம் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

தொழிலாளர்களுக்கு வேண்டியது தண்டனையைவிடத் தகைமை. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமையை, வகுப்புக்குப் போகாமல், ஏற்கனவே உள்ள அனுபவத்தைச் சோதித்தே பெறும் வழி இருக்கிறது. இருபது வருடம் சாவி பிடித்தவர் கடையைப் பூட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போகமாட்டார். சோதிப்பவர்கள் மாலையில் இங்கே வர வேண்டும். பிள்ளைகளுக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அங்கே படித்து வந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதனார்மடத்தில் பத்துக் கராச்சுப் பெடியன்களைக் கூட்டி, பின்சில்லைப் பூட்டும் ஒழுங்கை மட்டும் சொல்லிக் கொடுத்தாலே எவ்வளவோ.

இறுக்கம் அளக்கும் சாவியைத் தனியாக வாங்க இயலாத கடைகள் சந்திக்கு ஒன்றாகச் சேர்ந்து வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம். வெளிநாட்டிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வரும் உறவுகள் ஊருக்கு என்ன வாங்கி வரலாம் என்று கேட்பார்கள். இதைச் சொல்லுங்கள்.

மீதி வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் கையில். 2025 மே மாதத் தேர்தலின் பின் சபையில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வியாபார அனுமதி வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த புதுப்பித்தலில் வாகனத் திருத்தகங்களுக்கு ஒரேயொரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்: வேலைத் துண்டுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். கட்டணத்தைக் கூட்ட வேண்டாம். புதுப் படிவம் எதுவும் வேண்டாம். சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் உள்ள கடைக்காரர்களை அழைத்து, துண்டில் எந்தெந்த வரி இருக்க வேண்டும் என்று அவர்களையே கேட்டு, சபை முதல் புத்தகத்தைத் தன் செலவில் அச்சடித்துக் கொடுக்கலாம். மாரி தொடங்கி வீதி நனைய முன் கொடுத்தால் நல்லது.